குதிரைப் போர்வைகளும் ஒரு குரங்குக் குல்லாவும்

குளிர்கிறதா என்பதை, வாய்விட்டுச் சொல்லாத ஓர் உயிரிடமிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? புனேக்கு வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் தினமும் காலையில் பூட்டைத் திறந்து, முப்பத்து மூன்று போர்வைகள் அடுக்கிய ஓர் அறைக்குள் நுழைகிறேன். அத்தனையும் குதிரைகளுக்கு.

நிக்டியைத் தாண்டி உள்ள ஒரு குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு அலுவலக வேலை. கணவர் சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். மகள் யாழினிக்கு நான்கு வயது. நான் வேலையில் சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. போர்வை அறையில் எல்லாம் ஒரே குவியலாய், பூஞ்சை வாடையோடு கிடந்தன. கட்டில் விரிப்பைவிடப் பெரிய துணிகள். மார்பிலும் வயிற்றுக்கடியிலும் மாட்டப் பட்டைகள், கொக்கிகள். இங்கே ஜூல் என்கிறார்கள். யாரும் சொல்லாமலேயே அந்த அறையை எடுத்துப்போட்டுக்கொண்டேன். துவைக்கக் கொடுத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கிழிசல் தைத்து, ஒவ்வொன்றிலும் குதிரையின் பெயர் எழுதிய துணிப்பட்டை வைத்துத் தைத்தேன். மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று ஒரு குதிரைக்கு மூன்று. குளிர்காலம் வருகிறதே என்று கனமானவற்றைக் கைக்கு எட்டும் ஆணிகளில் மாட்டினேன். மெல்லியவை மேல்தட்டுக்குப் போயின.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்பளிதான் இருந்தது. கொடைக்கானல் போனபோது அப்பா வாங்கியது. அந்துருண்டை போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தோம். அதை யாரும் போர்த்திக்கொண்டதாக நினைவில்லை. குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கம்பளி அளவுதான். அப்படிப்பட்டவள் சுவரில் ஓர் அட்டை எழுதி ஒட்டினேன்: பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் கனமான போர்வை. பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்குப் பல் கிட்டிய இடம் அதுதான் என்று.

அந்த நாட்களில் என் மனம் வேறொரு கணக்கில் இருந்தது. போன குளிர்காலத்தில் யாழினிக்கு மூன்று முறை மூச்சிழுப்பு வந்தது. மூன்றாவது முறை அவள் உதடு வெளிறியதைப் பார்த்தேன். அதிலிருந்து ஊரில் இருக்கும் அத்தை, கணவரின் அம்மா, ஒரே பேச்சாக இருந்தார்கள். "கார்த்திகை பொறந்ததும் புள்ளைய இங்க கொண்டாந்து விட்டுரு. மாசி முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ. அந்தக் குளிர்ல வச்சிக்கிட்டு என்னத்தப் பாக்கப் போற?" இரண்டு குரங்குக் குல்லாவும் பார்சலில் வந்தன. நான்கு மாதம் அவளைப் பிரிந்திருப்பதா, இன்னொரு இழுப்புக்குக் காத்திருப்பதா? கணவரைக் கேட்டால், "நீயே முடிவு பண்ணு, நான் எதுவும் சொல்லல" என்றார். எங்கள் வீட்டில் இதைவிடக் கனமான வாக்கியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்வதாக அத்தையிடம் கெடு வாங்கியிருந்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று மாறியது. கிளம்பும்போது, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சந்தோஷிடம், குளிர்கிறதா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன், "தண்ட் லக்தா ஹை க்யா?" நான் கேட்டது குதிரைகளுக்கு. அவன் தன்னைக் கேட்டதாக நினைத்துச் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். "எனக்கா மேடம்? இன்னும் ஸ்வெட்டரே வெளிய எடுக்கலை." என் வயதுதான் அவனுக்கும். ஆண்பிள்ளை வீறாப்பு என்று நினைத்து, அட்டையைக் காட்டினேன். அவன் தோளைக் குலுக்கினான். ஆணியில் எட்டுவதைத்தான் யாரும் எடுப்பார்கள்; அன்றிரவு குதிரைகளுக்குக் கனமானவையே ஏறின.

சனிக்கிழமை யாழினிக்குப் பள்ளி இல்லை. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, காலுறையோடு அவளையும் கூட்டிக்கொண்டு ஏழரைக்குப் போனேன். ராணி என்கிற பழுப்புக் குதிரை சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வைத்த புல் அப்படியே இருந்தது. சந்தோஷ் என்னைக் கூப்பிட்டான்.

"மேடம், இங்க கையை விடுங்க."

"எங்க?"

"தோள்கிட்ட, ஜூலுக்கு உள்ள. கடிக்காது, விடுங்க."

விட்டேன். சோறு வடிக்கிற பானையின் மூடிக்குக் கீழே கைவிட்ட மாதிரி இருந்தது. சூடு, ஈரம். முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"தீபாவளி தாண்டுனாலே இதுங்களுக்கு முடி அடர்த்தியா வளந்துரும். அதுக்கு மேல நீங்க மெத்தையக் கட்டச் சொல்றீங்க. வேர்த்து நனைஞ்சு, அப்புறம் அந்த ஈரத்தோட காத்துல நின்னாத்தான் குளிர் பிடிக்கும்." சொல்லிக்கொண்டே யாழினியைப் பார்த்தான். "பாப்பாவுக்கும் ஒரு ஜூல் கட்டிட்டீங்களா? பட்டை மட்டும்தான் பாக்கி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றரை மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த அறை அது. ஆனால் கை ஈரமாக இருந்தது. அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு யாழினியின் பின்கழுத்தில், ஸ்வெட்டருக்குள் விட்டேன். அதே சூடு. அதே ஈரம். உள்பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. போன வருடம் குழந்தைகள் டாக்டர் சொன்னார், இவ்வளவு சுற்றாதீர்கள், வேர்க்கிறது பாருங்கள் என்று. இந்த ஊர்க்காரருக்கு நம் பிள்ளையின் உடம்பு என்ன தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தேன்.

குல்லாவைக் கழற்றினேன். ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன். "மலா தண்டி வாஜத் நாஹீ," எனக்குக் குளிரவில்லை என்று, பள்ளியில் பழகிய மராத்தியில் யாழினி சந்தோஷிடம் சொன்னாள். என்னிடம் இத்தனை நாள் தமிழில் சொல்லியிருப்பாள். நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

ராணி மதியத்துக்குள் புல் தின்றது. அன்றே அட்டையைக் கிழித்தேன். மெல்லிய போர்வைகளை ஆணிக்கு இறக்கினேன், கனமானவற்றை மேலே ஏற்றினேன். அட்டை இருந்த இடத்தில், சந்தோஷ் சொல்லச் சொல்ல, இந்தியில் ஒரே வரி எழுதினேன்: முதலில் கையை உள்ளே விட்டுப் பார். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். ஞாயிறு அத்தையிடம் பேசினேன்.

"ஒரு மாசம் வச்சிப் பாக்கேன் அத்தை. டாக்டர்கிட்டயும் காட்டுதேன்."

"சரி, பாத்துக்கோ. ஆனா நெஞ்சு கிர்ருன்னுச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்கப்படாது. குல்லாவப் போடுதியா?"

"பத்திரமா வச்சிருக்கேன் அத்தை" என்றேன். அது பொய்யில்லை.

இதை எழுதும்போது ஒரு மாதம் தாண்டிவிட்டது. டாக்டர் கொடுத்த பஃப் மருந்தைத் தவறாமல் கொடுக்கிறேன். ஒரு முறை இருமல் வந்தது, இழுப்பு வரவில்லை. வரவே வராது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஊருக்கு அனுப்ப அவளுக்குக் கட்டிவைத்த பை இன்னும் பிரிக்காமல் கட்டிலடியில் இருக்கிறது. போர்வை அறையில் குதிரைகளின் ஆணிகளுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தேன். அதில் யாழினியின் மெல்லிய ஸ்வெட்டர், குதிரைகளுடையதைப் போலவே பெயர்ப்பட்டையோடு தொங்குகிறது. குரங்குக் குல்லா இரண்டும் மேல்தட்டில், அந்துருண்டையோடு, அப்பாவின் கம்பளி போல. மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் அவள் கையில்லாத கவுனோடு அந்த அறையில் விளையாடுகிறாள். பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நான் போர்வை மடிக்கிறேன். ஒரே அறைதான். அவள் புனேயில் இருக்கிறாள். நான் பாதி தூத்துக்குடியில்.

குளிர் ஊர்களில் பிள்ளை வளர்க்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள். பின்கழுத்தில் கைவைத்துப் பார்ப்பது போதுமா, வேறு இடம் உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கலாம்? நான் பதினைந்து முறை பார்க்கிறேன், அவள் கையைத் தட்டிவிடுகிறாள். மே மாதம் ஊருக்குப் போகும்போது அவளுக்கு வேர்த்து வழியும், எனக்குச் சுகமாக இருக்கும். அப்போது யாருடைய உடம்பை நம்பி நான் ஜன்னலைத் திறக்க வேண்டும்?