பேர் மட்டும் இல்லாத பேச்சு

குற்றச் செய்தி எழுதும் அந்தப் பெண்ணுக்கு அலுவலகத்தில் ‘டேப்பு’ என்று பெயர். யார் என்ன பேசினாலும் ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்துவிடுவாள். திட்டினால் திட்டு, புலம்பினால் புலம்பல். மேற்கோள் குறிக்குள் யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் செத்துப்போனான். அடுக்கிலிருந்து தவறி விழுந்தான் என்று முதலாளி சாதித்தார். விழுந்தவன் முதுகில் கம்பித் தடம் எப்படி வரும்? கேட்கத்தான் நாதியில்லை. கூலி உயர்வு கேட்டவனை முதலாளியின் ஆட்கள் அடித்தே கொன்றதைக் கிடங்குக் காவல்காரர் பார்த்திருந்தார். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பேர் மட்டும் வரக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவளும் வாக்குக் கொடுத்தாள்.

பேர் போடவில்லை, வேலை போடவில்லை. ‘நேரில் பார்த்த ஒருவர்’, அவ்வளவுதான். ஆனால் பேச்சு அப்படியே இருந்தது: “கம்பியால மண்டையப் பொளந்தாங்க, வெல்லக்கட்டி. தண்ணி கேட்டான். வாயில மண்ண அள்ளிப் போட்டாங்க.”

செய்தி ஆசிரியர் ‘வெல்லக்கட்டி’யில் விரல் வைத்தார். “இது எதுக்கும்மா? எடுத்துடலாமே.”

“எடுத்தா மனுஷன் பேசுற மாதிரியே இருக்காது சார். தொட விடமாட்டேன்.”

அடிப்பாவி! லாரி டிரைவரிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லாரையும் வெல்லக்கட்டி என்று கூப்பிடுகிற ஆள் அந்தக் கிடங்கிலேயே காவல்காரர் ஒருவர்தான். இவளோ, தன்னை மட்டும்தான் பாசமாக அப்படிக் கூப்பிட்டார் என்று நினைத்துவிட்டாள்.

காலையில் முதலாளியின் ஆட்கள் பேப்பரைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். பிறகு காவல்காரரைக் காலைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார்கள். முழங்கால் உடைந்தது, கை உடைந்தது. கடைசியில், “பேசின வாய்தானே இது?” என்று தாடையில் ஏறி மிதித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சவக்கிடங்கு வாசலில் காவல்காரரின் மனைவி, செய்தி எழுதியவளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் தடுக்கவில்லை.

“பேரு வராதுன்னு சொன்னியேடி! பேரத் தவிர ஆளு முழுசா அதுல இருந்தாரேடி!”

“என்னாலதான்க்கா. நான்தான் கொன்னுட்டேன்.”

அடித்துக் கை ஓய்ந்ததும் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்தாள். “எழுது. சாப்பாடு கொண்டுபோனவ கேட்டுக்கு வெளியில நின்னு பார்த்தேன். மிதிச்சவனுங்க நாலு பேரையும் சொல்றேன்.”

“வேணாம்க்கா. உங்களையும் விடமாட்டாங்க.” வாயை மூடச் சொல்லி அவள் ஒருவரிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

“எம்பேரப் போடு. வீட்டு விலாசத்தப் போடு. வந்தா வரட்டும், வீட்லதான் இருப்பேன்னு போடு.”

அவள் எழுதினாள். விலாசத்தை மட்டும் விட்டுவிட்டாள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள், பேனாவைப் பிடுங்கினாள், கதவு எண்ணோடு தானே எழுதிக் கொடுத்தாள்.