அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேர டிரான்ஸ்

வேலூரில் மருந்துக் கடை நடத்தும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண் டிரான்ஸ் என்கிற எலக்ட்ரானிக் நடன இசை கேட்பாள் என்று யாரும் நினைப்பதில்லை. நான் கேட்கிறேன். தாளம் விடாமல் ஓட, அதன் மேல் ஒரு மெட்டு மெல்ல மெல்ல ஏறி வரும். ஸ்டாக் எடுக்கும் அலுப்பே தெரியாது. இணைய வானொலியில் சாந்தி என்ற பெண் பதிவு செய்து போடும் நிகழ்ச்சியைத் தவறவிட்டதே இல்லை. அவள் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் செய்தி அனுப்பினேன். பௌர்ணமியன்று மாலை ஐந்து மணிக்கு ஐரோப்பிய இணைய வானொலி ஒன்றில் முதல் முறையாக நேரலை செய்கிறேன், வாருங்கள் என்று பதில் வந்தது.

மதியம் பன்னிரண்டுக்கு வேலூரில் பஸ் ஏறினேன். எண்பது கிலோமீட்டர் சொச்சம். பௌர்ணமிக் கூட்டத்துக்காக பஸ்ஸை வேங்கிக்கால் பக்கமே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். அநியாயம் என்றேன்.

"இன்னிக்கு ஜாஸ்திதாங்க. சுத்திக்கினு போவணும், அதுவும் ஊருக்குள்ள வுட மாட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

சொன்னபடியே ஒரு கிலோமீட்டர் முன்பாக இறக்கிவிட்டார். மீதித் தூரத்தை பக்தர்களோடு சேர்ந்து நடந்தேன். பாதி கிரிவலப் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

சாந்தியின் வீட்டு வாசலில் அவள் அப்பா ஏழுமலை தள்ளுவண்டியில் இளநீர் வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் முகவாயால் மாடியைக் காட்டினார். "மேல இருக்குது. காதுல மாட்டிக்கினு தலைய ஆட்டும். நமக்கு ஒண்ணும் கேக்காது."

மாடி அறையில் லேப்டாப்பும் இசையைக் கலக்கும் மிக்ஸரும் தயாராக இருந்தன. சாந்திதான் பேயறைந்தவள் போல நின்றாள். செல் நெட்வொர்க் செத்துவிட்டது. ஒவ்வொரு பௌர்ணமியும் இப்படித்தான். வருகிற கூட்டத்தின் கையிலெல்லாம் போன். ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"தேதி கேட்டாங்க மேடம். நல்ல நாளா இருக்கட்டும்னு நான்தான் பௌர்ணமின்னு சொல்லிட்டேன்."

சிரிக்கக் கூடாதுதான், சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், உடனே கண் கலங்கியது. இந்த ஒரு மணி நேரம் கிடைக்க இரண்டு வருஷம் அந்த வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தாளாம். மணி நாலேகால்.

கீழே வந்து அப்பாவிடம் சொன்னாள். கலாவின் கம்ப்யூட்டர் சென்டரில் ஒயர் நெட் இருக்கிறதே என்றார் அவர். தானும் வருவதாகச் சொல்லவில்லை. மாதத்தில் பெரிய வியாபாரம் இந்த ஒரு நாள்தான். சாந்தி லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள், நான் மிக்ஸரை இடுப்பில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தோடு முந்நூறு மீட்டர் தள்ளுமுள்ளு. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்த கலா, தனக்கும் கேட்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு இடம் கொடுத்தாள். அதனால் ஸ்பீக்கரையும் மாட்டினோம்.

சரியாக ஐந்துக்கு ஆரம்பித்தது. வாசற்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து, சிரித்துக்கொண்டே தாளத்துக்கு நடக்க ஆரம்பித்தார். காலேஜ் பிள்ளைகள் ஆடிக்கொண்டே கடந்தார்கள். நானும் ஆடினேன், மறைப்பானேன், அப்படி ஒரு சந்தோஷம். சாந்தி யாரையும் பார்க்கவில்லை. அவள் தோளில் இருந்த பயம் மட்டும் இறங்கியிருந்தது.

முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஏழுமலை வந்தார். வண்டியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டிருக்கிறார். பாட்டு எப்போது வரும் என்று என் காதில் கேட்டார். இதுதான் என்றேன். அப்புறம் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வானொலிக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது: மாதம்தோறும் செய்ய முடியுமா, ஒவ்வொரு பௌர்ணமிக்கும்? சாந்தி அதைச் சத்தமாகத் தமிழில் படித்துவிட்டு, சரி என்று அடிக்கப் போனாள். ஏழுமலை அவள் கையைப் பிடித்தார்.

"அமாவாசைன்னு போடும்மா. நெட்டும் கெடைக்கும். எனக்கும் யாவாரம் இருக்காது, மொதல்லேர்ந்து உக்காந்து கேப்பேன்."