இரண்டு பஸ், ஒரே முதலாளி

காலை ஐந்து நாற்பதுக்கு நான் முதலில் பார்த்தது ஒரு சாப்பாட்டுப் பை. புசல்லாவை பஸ் தரிப்பிடத்தில், நீல பஸ் கொண்டக்டரின் கையில் அது தொங்கியது. பை என் பக்கத்து வீட்டுக்காரியுடையது. அவளுடைய குடையைச் சிவப்பு பஸ் கொண்டக்டர் பிடித்திருந்தார்.

"அக்கா, பை ஏறிருச்சு, நீங்களும் ஏறுங்க!"

"பையா டிக்கட் எடுக்கப் போகுது? குடை இங்க இருக்கு, வாங்கக்கா!"

எங்கள் பாதையின் வழக்கம் அது. சாமானைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி; ஏறும் ஆளைப் பொறுத்துத்தான் கொண்டக்டருக்குக் கொமிஷன். இரண்டு கம்பனிகள் போட்டி போட்டதால், ஒன்று நிரம்பினாலும் மற்றதில் தொற்றிக்கொள்ளலாம். என் பக்கத்து வீட்டுக்காரி கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள். இன்னொரு முறை பிந்தினால் வேலைக்கு வரவேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சிவப்புக் கம்பனி நீலத்தை வாங்கப்போகிறது என்ற செய்தி வந்தது. ஒரு பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று தரிப்பிடமே பேசியது. பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கைமாற மாகாணப் போக்குவரத்து அலுவலகம் சம்மதிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்களைக் கண்டிக்கு அழைத்தார்கள். ஒரு பஸ் நிறையப் போனோம். வழி நெடுகப் பாட்டு. கம்பளையில் ஏறிய ஒருவர் கல்யாணக் கூட்டம் என்று நினைத்து, பொண்ணு எந்தத் தேயிலைத் தோட்டம் என்று விசாரித்தார்.

விசாரணையில் சிவப்புக் கம்பனி முதலாளி, "ஒண்ணாச் சேர்ந்தா செலவு குறையும், சேவை கூடும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள். "அப்ப ரெண்டு பஸ்ஸும் ஓடுமா முதலாளி?"

"ஆள் இருந்தா ஓடும்மா."

"ஆளத்தான் கூட்டியாந்திருக்கேனே!"

அறை அதிர்ந்தது. அதிகாரி சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் இருந்த கொண்டக்டர்கள் இருவரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்: "சேர், எங்க கொமிஷன மட்டும் சேத்துறாதீங்க!"

வாங்கலாம் என்று அதிகாரி தீர்ப்புச் சொன்னார். ஆனால் இரண்டு பஸ்ஸும் ஓட வேண்டும், பிரயாணிகளைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது, கொமிஷன் பஸ்ஸுக்குப் பஸ் தனியாகவே இருக்க வேண்டும். திரும்பும் வழியில் பாட்டு இன்னும் சத்தமாக இருந்தது.

கைமாறிய மறுநாள் காலை இரண்டு பஸ்ஸிலும் ஒரே பெயர் எழுதியிருந்தது.

"ரெண்டும் நம்ம பஸ்தான்க்கா. ஆனா இதுல ஏறுங்க!" என்றார் சிவப்பு பஸ் கொண்டக்டர், அவள் பையைப் பிடித்தபடி.

"அதுல பிரேக் இல்லக்கா!"

"ஒரே முதலாளிடா, அவருக்கே பிரேக் இல்லங்கிறியா?"

அவள் நீல பஸ்ஸில் ஏறி, கடை திறக்குமுன் போய்ச் சேர்ந்தாள். சாப்பாட்டுப் பை சிவப்பு பஸ்ஸில் போனது.