குரல் மங்கும் பக்கம்

சனிக்கிழமை. மைசூரிலிருந்து வரும் ரயில் மணியாச்சியை விட்டுக் கிழக்கே திரும்பியதும் ஜன்னல் வழியாக உப்பு வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் இருபுறமும் உப்பளங்கள். வாரிக் குவித்த உப்பின் மேல் ஓலை வேய்ந்திருந்தார்கள். எதிர் இருக்கைக் குழந்தைகள் எழுந்து நின்று பார்த்தன. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. சட்டைப் பையில் திங்கட்கிழமை மாலை கரூர் திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று என் மகள் யாழினிக்கு. அவளிடம் இதை நான் சொல்லியிருக்கவில்லை.

யாழினி கல்லூரி ஆய்வுக்காகப் புன்னக்காயலில் மிக்கேல் என்ற மீனவர் வீட்டில் தங்கி, அவர் வள்ளத்தில் போய்க் கடல்புல்லைக் கணக்கெடுக்கிறாள். முந்தின வாரம் அவள் போன வள்ளம் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. அன்று மாலை அந்த வீட்டம்மா போனில், "பயப்படாதிய, வந்துருவாவ" என்றார். அந்தக் குரலிலேயே பயம் இருந்தது. இருட்டுவதற்குள் வந்துசேர்ந்துவிட்டார்கள். மகளின் குரலைப் போனில் கேட்ட அன்றிரவே இந்த டிக்கெட்டுகளை எடுத்துவிட்டேன்.

தூத்துக்குடியில் இறங்கியதும் அந்த வீட்டாருக்காகக் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன், இருநூற்றைம்பது ரூபாய். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த, வாயில் போட்டதும் கரையும் பண்டம். பழைய பஸ் நிலையத்திலிருந்து முக்காணி, ஆத்தூர் வழியாகப் புன்னக்காயல் முப்பது கிலோமீட்டர் இருக்கும். ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகளோடு ஏறிய பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுக்கு?" என்றார். மிக்கேல் வீடு என்றேன்.

"ரேடியோ மிக்கேலா? அந்தப் புள்ளைக்கு அப்பாவா நீங்க?" என்றவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி திரும்பினார். "ஏலே, அண்ணாச்சிக்கு இடம் விடுங்கலே!"

நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் ஊர். முகத்துவாரத்தை ஒட்டி வள்ளங்கள் வரிசையாக நின்றன. மிக்கேல் வீட்டு வாசலில் யாழினி நின்றிருந்தாள், முகம் கறுத்து, மூக்கு உரிந்து. ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, "அம்மா வரலைங்களாப்பா?" என்றாள். "என்ன கண்ணு, இப்படி இளைச்சுட்டே" என்றேன்.

உள்ளே குசினி என்ற சமையலறையின் வாசலில், ஆணியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் தொங்கியது. தோலுறை வெடித்து, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தது. ஏதோ பழைய பாட்டு. மிக்கேலின் மனைவி ஸ்டெல்லா அதற்குக் கீழே நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு ரேடியோ நினைவு வந்தது. நான் வளர்ந்த வீட்டில் கடிகாரத்தைவிட ரேடியோவுக்குத்தான் மரியாதை. காலைச் செய்தி முடிவதற்குள் குளித்திருக்க வேண்டும், விளம்பரப் பாட்டு வந்தால் பள்ளிக்குக் கிளம்பிவிட வேண்டும். மாலையில் இலங்கையிலிருந்து வரும் ஒலிபரப்புக்காக அப்பா பெட்டியை ஜன்னலில் வைத்து விரலளவு விரலளவாகத் திருப்புவார். கடலையே பார்த்திராத நாங்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்த பிறந்தநாள் வாழ்த்துகளை மூச்சுவிடாமல் கேட்டோம். யார் யாருக்கோ வாழ்த்து. எங்களில் யாருடைய பெயராவது வந்துவிட்டால் வீடே கூச்சலிடும்.

பிறகு டிவி வந்தது. பஸ்களில் பண்பலை வந்தது. எல்லாம் போனுக்குள் போன பிறகு எங்கள் ரேடியோவைக் கேட்பதற்கு நான் ஒருவன்தான் மிஞ்சினேன், அதுவும் சவரம் செய்யும்போது. ஆனாலும் அப்பாவின் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. பெட்டியின் முகம் தெற்கே பார்த்திருக்க வேண்டும். தூசி தட்டும்போது யாராவது திருப்பிவிட்டால் கோபம் வந்துவிடும்.

வள்ளம் வரவில்லை என்று ஸ்டெல்லாவின் போன் வந்த அந்த மாலை, ஒன்றும் செய்யத் தெரியாமல் நான் அந்த ரேடியோவைத்தான் முடுக்கினேன். அவள் இருக்கும் ஊர்ப்பக்கத்து நிலையம் என்பதால் தூத்துக்குடியை வைத்தேன். கடலைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் வாழையில் வாடல் நோய்க்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி, "அதை நிறுத்துங்க" என்று அழுதாள். என்னால் நிறுத்த முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்தோம். நடந்ததை மிக்கேல் அப்போதுதான் முழுதாகச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். பேசும்போது இரண்டு கையும் வேண்டும் அவருக்கு.

"முத்துப் பாருக்கு அங்கன நின்னோம் அண்ணாச்சி. எங்க முப்பாட்டன்மாரு முங்கி முத்தெடுத்த இடம். இப்ப முத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒங்க மவ புல்லுதான் எண்ணுதா. அப்பம் பாத்து இன்ஜின் நின்னுட்டு. நான் கழத்தி மாட்டுறதுக்குள்ள கரையிலருந்து வீசுத கச்சான் காத்து எங்கள அள்ளிட்டுப் போயிட்டு. நிமிந்து பாத்தா கரையக் காணும். நாலு பக்கமும் புழுதி மூட்டம்."

"ஜி.பி.எஸ் என்னாச்சுன்னு கேளுங்க" என்றார் ஸ்டெல்லா, உள்ளிருந்தபடியே.

"சொல்லத்தான செய்யுதேன்?"

"குனிஞ்சு இன்ஜினப் பாக்கும்போது சட்டப் பையில இருந்து கடலுக்குக் காணிக்கை போட்டுட்டாவ. அதச் சொல்லுங்க."

மிக்கேல் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். இன்ஜின் மறுபடி ஓடியது, ஆனால் போனில் டவர் கிடைக்கவில்லை. காற்றை எதிர்த்துப் போனால் கரை வரும். ஆனால் நேராகப் போகவேண்டும். வளைந்து வளைந்து போனால் இருக்கிற எண்ணெய் பாதியிலேயே தீர்ந்துவிடும். மறுபடி காற்று கிழக்கே தள்ளும்.

"பாட்டு கேக்க அந்தா தொங்குற பெட்டிய வள்ளத்துல வச்சிருந்தேன். எங்க அப்பா ரேடியோவ வச்சே கரை பிடிப்பாவ. பெட்டியச் சுத்திச் சுத்திப் பாப்பாவ. ஆனா சத்தம் கூடுற பக்கமா, கொறையுற பக்கமா, அது எனக்கு மறந்துபோச்சு. மிசினு வந்த பொறவு யாரு இதச் செய்யுதா?"

"நடுக்கடல்ல ரெண்டு பேரும் சண்ட போட்டிருக்காவ, கேட்டியளா" என்றார் ஸ்டெல்லா.

"சண்டை இல்லீங்கக்கா" என்ற யாழினி, தன் கைகளைப் பார்த்தபடி என்னிடம் பேசினாள். "அப்பா, நம்ம வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்துச்சு. முகம் தெற்கே பாக்கணும்னு எத்தனை திட்டு வாங்கியிருக்கேன். முகத்தைக் காட்டினா சத்தம் வரும்னா, பெட்டியோட பக்கவாட்டு முனையைக் காட்டினா மங்கணும் இல்லையா? திருப்பிப் பாத்தோம். நல்லாக் கேட்கிற பக்கம் அகலமா இருக்குது, ஒண்ணும் பிடிபடலை. மங்குற பக்கம் மட்டும் ஊசி மாதிரி. அந்த முனை ஸ்டேஷனைக் காட்டுதுன்னு புரிஞ்சுது."

"ரெண்டு முனையும்லா மங்கும்" என்றார் மிக்கேல். "ஒரு முனை தூத்துக்குடி, மறுமுனை நடுக்கடல். அது எதுன்னு கச்சான் சொல்லிரும். கரைப் பக்கமிருந்துதான வீசுது. பெட்டிய இவ மடியில வச்சுக்கிட்டா. நான் ஓட்டுனேன். நல்லவேள, பாட்டு முடிஞ்சு ஒருத்தன் வந்து பேச ஆரம்பிச்சான். பாட்டுன்னா நடுவுல நடுவுல அடங்கும், மங்குதா நின்னுட்டான்னு தெரியாது. இவன் மூச்சே விடல. வாழைக்கு என்ன மருந்து, எத்தன நாளைக்கு ஒருக்கா..."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"வாடல் நோய்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதே நேரம் அதே பேச்சை வீட்டு ரேடியோவில் நானும் கேட்டதைச் சொன்னேன். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். யாழினி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேடியோவில் பேசிய அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. தன் பேச்சைக் கேட்டுத் தோட்டத்தில் யாராவது மருந்து வைப்பார்கள் என்று மட்டும்தான் அவர் நினைத்திருப்பார்.

அன்று மாலை முகத்துவாரத்தில் நடக்கும்போது டிக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பயந்துட்டீங்கன்னு தெரியும்பா. நானும்தான் பயந்தேன். ஆனா இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு. நாளைக்குக் காலைல ஒருதடவை என்கூட வள்ளத்துல வாங்க. அதுக்கப்புறமும் கூப்பிட்டா வந்துடறேன்."

திங்கட்கிழமை காலை. டீசல் நாற்றம், ஈரப்பலகை. மிக்கேல் புதிதாக வாங்கிய ஜி.பி.எஸ்ஸை ஸ்டெல்லா கயிறு போட்டு அவர் கழுத்திலேயே மாட்டி அனுப்பியிருந்தார். "மாட்டுக்கு மணி கட்டுன மாரி இருக்கு" என்று முனகிக்கொண்டே ஓட்டினார். ஆற்று நீரின் பழுப்பு முடிந்து கடலின் பச்சை தொடங்கும் கோட்டைத் தாண்டினோம். நான் வள்ளத்தின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்திருந்தேன். மிதவைச் சட்டை கழுத்தை நெரித்தது.

இன்ஜினை நிறுத்தினார். யாழினி டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்தாள்.

"கண்ணை மூடுங்கப்பா."

"வேண்டாம் கண்ணு."

"ஒரு நிமிசம்தான்."

மூடினேன். வள்ளம் ஆடியது. காதில் காலைச் செய்தி. அப்பா ஜன்னலில் செய்தது போல விரலளவு விரலளவாகத் திருப்பினேன். குரல் தெளிவாகவே இருந்தது, தெளிவாகவே இருந்தது, திடீரென்று வற்றி ஒரு இழையாகிவிட்டது. அரை விரல் தாண்டினால் மறுபடி நிறைந்தது. பின்னால் கொண்டுவந்தேன். மறுபடி இழை. அங்கேயே நிறுத்திக் கண்ணைத் திறந்தேன்.

பெட்டியின் முனைக்கு நேரே, தொலைவில், தூத்துக்குடியின் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் நின்றன.

"பிடிச்சிட்டியளே!" என்று மிக்கேல் கைதட்டினார். யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை கடல் எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருந்தது. இப்போது அதில் ஒரு பக்கம் இருந்தது.

"பேட்டரி எப்பவும் புதுசா வெச்சுக்கோ" என்றேன். ஊருக்குக் கூப்பிடவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாலை ரயிலில் பக்கத்து இருக்கை மணியாச்சி வரை காலியாக வந்தது. ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை அதில் வைத்திருந்தேன். போனில் அதே நிலையத்தைப் போட்டேன். குறையில்லாமல் கேட்டது. போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கேட்டது. அதனால் அணைத்துவிட்டேன்.

கரூரில் எங்களுக்குக் கடல் இல்லை. இங்கே வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் ஊர் திரும்பியதிலிருந்து தினமும் மாலையில் நானும் மனைவியும் ஜன்னலருகே போய் நிற்கிறோம். தூத்துக்குடியை வைக்கிறேன். வாழையோ நெல்லோ யாராவது பேசுகிறார்கள். பெட்டியை மெல்லத் திருப்புகிறேன். குரல் மங்கும் இடத்தில் கையை எடுத்துவிடுகிறேன்.

"அந்தப் பக்கமா?" என்பாள் மனைவி.

"அந்தப் பக்கம்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்க்கிறோம். பிறகு முகத்தைத் தெற்கே திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம்.