கையை உயர்த்தாதவள்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலேர்மோவில் நான் படித்த மேல்நிலைப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் புதிதாக ஒரு பாடம் நடந்தது. எங்களை ஐரோப்பியக் குடிமக்களாக ஆயத்தம் செய்யும் பாடம். வரலாற்று ஆசிரியை அதை மிகுந்த ஆசையோடு நடத்தினார்.

நான் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அம்மா லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாளை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் என்னிடம் வருவார். நான் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தியும் சித்தப்பாவும் வேலையால் வரும்வரை அங்கே பேச ஆளில்லை. பள்ளியிலும் யாரும் என்னை வெறுக்கவில்லை. ஆனால் நான் வராத நாளில் என்னைத் தேடியவர்களும் இல்லை.

அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு வகுப்பு எங்களிடம் வருவதென்றும், வசந்தத்தில் நாங்கள் அங்கே போவதென்றும் ஆசிரியை ஏற்பாடு செய்தார். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையை ஏற்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

“சிஞ்ஞோரா வீட்டிலை மூண்டு அறை சும்மா கிடக்குது. எங்களிட்டை ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. ரீச்சரிட்டைச் சொல்லிப் போடு, பிள்ளை,” என்றார்.

ஆசிரியை பெருந்தன்மையாகத் தலையசைத்தார். அதனால் எல்லோரும் தங்கள் விருந்தாளிக்காக ரயில் நிலையத்தில் நின்றபோது, நான் மட்டும் யாருக்காகவும் இல்லாமல் நின்றேன்.

ரயிலிலிருந்து இறங்கிய பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் போல இருந்தாள். அதே நிறம், அதே தடித்த பின்னல். எங்கள் வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. ஆசிரியை கைதட்டி, “பார், உனக்கும் ஒருத்தி வந்துவிட்டாள்!” என்றார்.

நான் கிட்டப் போனேன். “நீங்கள் தமிழோ?”

அவள் என் முகத்தைப் பாராமல், தான் ஜெர்மனியிலிருந்து வருவதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று பொலிதேயாமா சதுக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றபோது, என் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்ப நினைத்தேன். பிழையாக ஒன்றும் கேட்கவில்லையே.

மூன்றாம் நாள் இரண்டு வகுப்புகளுக்கும் சேர்த்துப் பாடம் நடந்தது. ஐரோப்பியக் குடிமகன் ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் வாழலாம், வேலை செய்யலாம், தான் வாழும் ஊரின் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று ஆசிரியை விளக்கினார். பிறகு, “இங்கே ஐரோப்பியக் குடிமக்கள் யார் யார்? கையை உயர்த்துங்கள்,” என்றார்.

கைகள் எழுந்தன. என் கை மேசையில் கிடந்தது. தலையைத் திருப்பினேன். அவளுடைய கையும் எழவில்லை.

ஆசிரியைக்கு அது பொறுக்கவில்லை. “நீங்கள் இரண்டு பேரும் எங்கள் பிள்ளைகள்தான். உயர்த்துங்கள், உயர்த்துங்கள்.”

அவர் மனம் நோகக் கூடாது என்று நான் உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை.

“உயர்த்தினால் அது உண்மையாக இருக்காது,” என்றாள் ஆங்கிலத்தில். குரலில் கோபம் இல்லை. ஜெர்மன் ஆசிரியர் நிலத்தைப் பார்த்தார். எங்கள் ஆசிரியை கொடிகளுக்கு நிறம் தீட்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். உயர்த்திய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நான் இருந்தேன்.

கடைசி நாள் எல்லோரையும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் படகுகளின் பக்கம் போக, நான் கரையில் ஒரு கல்லில் இருந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அண்டைக்கு ஸ்டேஷனிலை நான் உங்களோடை கதைக்கேல்லை,” என்றாள். தமிழ்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். “என்னைக் கண்ட உடனை எல்லாரும் உங்களைப் பாத்தவை. எனக்கு அது பிடிக்கேல்லை.”

“எனக்கும்தான்,” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு ரயிலில் நடந்ததைச் சொன்னாள். எல்லையில் பொலிஸ் ஏறியது. மற்றப் பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளைப் பார்க்காத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அவளிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம். அதை வாங்கிக்கொண்டு போனார்கள். ரயில் நின்றுகொண்டே இருந்தது.

“ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை சிநேகிதி கூட யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டிருந்தவள்.” பிறகு கேட்டாள்: “அப்பா எப்பவும் ‘அந்தரமாக் கிடக்கு’ எண்டு சொல்லுவார். அந்தரம் எண்டால் என்ன?”

இத்தாலிய மொழியிலும் யோசித்தேன், ஆங்கிலத்திலும் யோசித்தேன். “இருக்கவும் ஏலாது, எழும்பிப் போகவும் ஏலாது. உள்ளுக்கை அப்பிடி ஒரு பதகளிப்பு.”

“ஓம்,” என்றாள். “அப்ப ரயிலிலை எனக்கு வந்தது அதுதான்.”

அவளுடைய ஊரில் வேறு தமிழ்ப் பிள்ளைகளே இல்லையாம். எனக்கு ஞாயிறு பூசையில் மாதா கோவில் நிறையத் தமிழர்கள் இருந்தார்கள். இருந்தும் என் வயதுப் பெண்ணோடு அவ்வளவு நேரம் கதைத்தது இந்த நகரத்துக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் முறை. பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை கதைத்தோம். விலாசம் வாங்கிக்கொள்ளவில்லை. வசந்தத்தில்தான் பார்க்கப் போகிறோமே.

வசந்தம் வந்தபோது என் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், கிடந்தது. அது கையில் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. ஆசிரியை இரண்டு தடவை என்னோடு வந்து வரிசையில் நின்றார். இரண்டாம் தடவை திரும்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான்தான் அவரைத் தேற்றினேன்.

வகுப்பு போய்விட்டது. அந்த வாரம் என்னைப் பக்கத்து வகுப்பின் கடைசி மேசையில் இருத்தினார்கள். இடைவேளையில் எங்கள் பூட்டிய வகுப்பறைக்கு முன்னால் நின்று பாண் துண்டைத் தின்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்ததும் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் பெண் சொன்னாள்: “அந்தத் தமிழ்ப் பெண் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் இறங்கிய பிறகும் ரயிலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உன்னைக் கேட்டாள்.”

“நீ என்ன சொன்னாய்?”

“பெர்மெஸ்ஸோவை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லைதானே?”

பரவாயில்லை என்றேன்.