இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில், மற்றது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியில். இந்தக் கதையில் வருகிற மாஸ்டரின் வண்டியில் முதல் பிரேக் பேருக்குத்தான். தெருமுனை தூரத்தில் தெரியும்போதே அவருடைய கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடும். அதனால் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை.

அவரிடம் கற்றவர்கள் ஸ்டியரிங்கை அழகாகத் திருப்புவார்கள், ஹாரனைப் பிரமாதமாக அடிப்பார்கள், லைசென்ஸ் பரீட்சையில் மட்டும் கோட்டை விடுவார்கள். பரீட்சையின்போது மாஸ்டர் பக்கத்தில் உட்கார முடியாதே.

மனிதர் கெட்டவரா என்றால் இல்லவே இல்லை. அதிர்ந்து பேச மாட்டார், வேலை முடிந்தால் நேரே வீடு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வியாதி, பொறாமை. அதுவும் கண்டவர் மேல் எல்லாம் கிடையாது. மொத்தப் பொறாமையையும் ஒரே ஆளுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஆள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

மச்சினனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. எதைத் தொட்டாலும் ஓட வைத்துவிடுவான், கைராசிக்காரன். மாஸ்டர் வீட்டில் குழாய் ஒழுகினால் மனைவி தம்பியைக் கூப்பிடுவார். மிக்ஸி நின்றால் தம்பி. கதவு கிறீச்சென்றால்கூடத் தம்பி. மாஸ்டர் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுப்பதற்குள் அவன் பைக்கில் வந்து இறங்கி, சரிசெய்து, கையைக் கழுவிக்கொண்டு நிற்பான். "என் தம்பி கை வச்சாப் போதுங்க" என்பார் மனைவி, வாயெல்லாம் பல்லாக. மாஸ்டருக்கு வயிறு எரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி அந்த அம்மாள் ஒரு தடவையாவது இப்படிச் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்ப்பார். யோசிக்க யோசிக்க இன்னும் எரியும்.

இந்த லட்சணத்தில், மச்சினன் தன் வீட்டை ஸ்மார்ட் வீடாக மாற்றிவிட்டு அக்காவையும் மாமாவையும் பார்க்க வரச்சொன்னான்.

போனார்கள். காலடி வைத்ததும் விளக்கு எரிந்தது. ஏதோ சொன்னான், திரைச்சீலை தானாக விலகியது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா, நாம நடந்தா லைட்டு எரியுது!"

"எலி நடந்தாலும் எரியும்" என்றார் மாஸ்டர்.

மச்சினன் சிரித்தான். "எலிக்கு எரியாத மாதிரி செட் பண்ணலாம் மாமா" என்றான். அதற்கும் பதில் வைத்திருக்கிறானே என்று மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

திரும்பி வரும் வழியில் மனைவி சாதாரணமாகத்தான் கேட்டார். "அவன்கிட்டச் சொன்னா நம்ம வீட்டுக்கும் பண்ணிக் கொடுப்பான். கேக்கட்டுமா?"

"யாரும் வேணாம். நானே பண்றேன்."

"நீங்களா?"

ஒரே ஒரு சொல்தான். அதில் கேலிகூட இல்லை, வெறும் ஆச்சரியம். கேலி செய்திருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். அந்த ஆச்சரியம்தான் முள்ளாகத் தைத்தது.

மறுநாளே மாஸ்டர் களத்தில் இறங்கினார். காகிதத்தில் வீட்டை வரைந்து, எங்கே எந்த பல்பு, எந்தச் சுவரில் சென்சார் என்று குறித்தார். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே வண்டியிலேயே உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்தார். வீடியோவில் பேசியவன் எல்லாம் நொடியில் முடியும் என்றான். மாஸ்டர் நாய் படாத பாடு பட்டார். வைஃபை கிடைத்தால் பல்பு கிடைக்காது, பல்பு கிடைத்தால் சொன்னதைக் கேட்க வேண்டிய ஸ்பீக்கர் ஊமையாகும். ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, கூடத்தில் சிக்னல் கிடைக்கிறதா அடுக்களையில் கிடைக்கிறதா என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தார். தம்பியைக் கூப்பிடலாமே என்ற பேச்சு மனைவியின் உதடு வரை வந்து வந்து திரும்பிப் போனது. அது மாஸ்டருக்கும் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் வேகமாக ஸ்க்ரூவைத் திருகினார்.

ஒருவழியாக எல்லாம் எரிந்தது, சுழன்றது, பூட்டியது. எப்படி என்றால் மாஸ்டரின் பாணியில். ஒவ்வொரு விளக்குக்கும் பெயர் வைக்கச் சொன்னது செல்போனில் இறக்கிய செயலி. வாழ்நாள் முழுக்க வண்டியிலேயே கிடந்த மனிதர் வேறு என்ன பெயர் வைப்பார்? கூடத்து விளக்கு ஹெட்லைட். அடுக்களை விளக்கு பானட். சாமான் அறை டிக்கி. ஸ்பீக்கரும் அவர் குரலுக்கு மட்டும் கட்டுப்படும்படி செய்திருந்தார். மனைவி "கூடத்து லைட்டைப் போடு" என்று நூறு தரம் சொன்னாலும் அது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் பல்புக்குத் தொடர்பு போய்விடும் என்பதால் எல்லா சுவிட்சு மேலும் கறுப்பு டேப்பை ஒட்டினார். ஃபேனின் பழைய ரெகுலேட்டரைக் கழற்றியே விட்டார். வாசல் கதவுப் பூட்டும் அவர் செல்போனுக்குத்தான் திறக்கும். அழைப்பு மணியில் கேமரா, யார் வந்தாலும் படமும் பேச்சும் அவர் கைக்கு வந்துவிடும். பின்கதவு ஒன்றுதான் தப்பித்தது, அதற்கு வெறும் தாழ்ப்பாள்.

"என் ஃபோன்லயும் போட்டுக் கொடுங்களேன்" என்றார் மனைவி.

"ரெண்டு பேரு தொட்டாக் குழம்பிடும். என்ன வேணுமோ எனக்கு ஒரு ஃபோன் பண்ணு. நான் இருந்த எடத்துலருந்தே போட்டுடறேன்."

மனைவிக்கு வீட்டில் தையல் வேலை. ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பார். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் ஆகாது. ஆகவே ஃபோன் வந்தது. "ஏங்க, ஃபேன் போடுங்க." மாஸ்டர் வண்டியிலிருந்தே போடுவார். "ஏங்க, தையல் மெஷின் பக்கம் லைட்டு." அதையும் போடுவார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிக்னலில் திணறிக்கொண்டிருப்பார்கள், இவர் முகத்தில் புன்னகை தவழும். அவளுக்கு ஒரு தேவை என்றால் இப்போது மணி அடிப்பது யார் செல்போனில்? இதுதானே வேண்டியிருந்தது! மச்சினனின் பெயர் வீட்டில் கேட்டே நாளாயிற்று. மாஸ்டர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

அப்புறம் ஃபோன் வருவது நின்றுவிட்டது.

முதலில் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் குறைவு, வேலை குறைவு என்று நினைத்தார். வெயில் ஏறியும் மணி அடிக்கவில்லை. செயலியைத் திறந்து பார்த்தார். பகல் முழுக்க வீட்டில் ஃபேன் ஓடவே இல்லை, விளக்கும் எரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தைத்த உறைகள் எப்போதும்போல அடுக்கி இருந்தன. காற்றில்லாமல், வெளிச்சமில்லாமல் எப்படி? வேறு எப்படி, மச்சினன்தான்! தனக்குத் தெரியாமல் வந்து ஏதோ ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். புது ஃபேனோ, ரிமோட்டோ, என்ன எழவோ. கைராசிக்காரனாயிற்றே! மாஸ்டருக்குக் காதில் புகை வந்தது. மனைவியிடம் நேராகக் கேட்க நாக்கு எழவில்லை. ஆமாம், தம்பிதான் என்று அவள் சொல்லிவிட்டால்? அதன்பிறகு வாசல் கேமராவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் மத்தியானம் மாஸ்டர் பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரின் கடைவாய்ப் பல்லை அசராமல் பிடுங்கிய அம்மாள். பரீட்சையில் பிரேக் போடாமல் பூந்தொட்டியில் முட்டிவிட்டு மறுபடி கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஆள் நடமாட்டமில்லாத குறுக்குத் தெருவில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மடியிலிருந்த செல்போன் டிங் என்றது. வாசலில் ஆள்.

மச்சினன்! கையில் கருவிப் பை வேறு.

மாட்டினியா, என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் சத்தத்தைக் கூட்டினார்.

மணி அடித்தான். கதவு எப்படித் திறக்கும்? சற்று நேரத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு மனைவி வந்தார். நெற்றியில் வியர்வை, தோளில் நூல் பிசிறு.

"பின்பக்கமா வரக் கூடாதாடா? சரி, இங்கயே உக்காரு. உள்ள வேக்காடு தாங்காது."

இருவரும் அழைப்பு மணிக்குக் கீழே வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

"என்னக்கா இது, வர்ற வழியில பாத்தேன், மெஷினைப் பின்னாடி செவுத்தோரம் தூக்கிப் போட்டிருக்கே?"

"அங்கதான் வெளிச்சம் இருக்கு. காத்தும் கொஞ்சம் வருது."

"சுவிட்ச் மேல இருக்கிற டேப்பைப் பிய்யி. ஃபேனுக்கு நான் ஒரு ரெகுலேட்டர் மாட்டிடறேன். ஒரு நிமிஷ வேலை."

"மாஸ்டர், வலது பக்கம் திரும்பவா?" என்றார் டாக்டரம்மா. மாஸ்டர் ம் என்றார். எதற்கு ம் என்று அவருக்கே தெரியாது.

"கையை வச்சீன்னா பாரு" என்றது மனைவியின் குரல். "அவரு ஸ்டூல் மேல ஏறி ஏறி எறங்கிச் செஞ்சது. நீ ஒரு நிமிஷத்துல பண்ணிடுவ. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்டா. அதனாலதான் வேணாங்கறேன்."

"அப்ப அவருக்கு ஃபோன் பண்ணி ஃபேனைப் போடச் சொல்லு."

"பண்ணிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் பேசிட்டு இருக்கறப்பவே அந்தப் பக்கம் ஒரு பொண்ணு அய்யோன்னு கத்துது. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. நான் ஃபேனுக்குக் கூப்பிடப் போயி அங்க வண்டி எதுலயாவது மோதிச்சுன்னா? அன்னையோட விட்டுட்டேன். வேர்த்தாத் தொடச்சிக்கலாம்."

"மாஸ்டர், முன்னாடி வண்டி வருது" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டரின் காதில் விழவில்லை.

"மாமாவுக்கு ஏன்க்கா என்னைக் கண்டாலே ஆகல?"

மனைவி சிரித்தார். "பொறாமைடா. உன்னைப் பாத்துத்தானே இவ்வளவையும் வாங்கி மாட்டினாரு. வெளிய சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காரு, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லில்தான் மாஸ்டர் நொறுங்கினார். இவ்வளவு நாளும் தானே மென்று தானே விழுங்கிய பொறாமை. அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மாஸ்டர்!"

சந்திலிருந்து தண்ணீர் கேன் அடுக்கிய தள்ளுவண்டி குறுக்கே வந்துவிட்டது. டாக்டரம்மா வழக்கம்போல மாஸ்டரின் காலுக்காகக் காத்திருந்தார். அந்தக் கால் வரவில்லை. வேறு வழியில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் காலாலேயே மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது, என்ஜினும் அணைந்தது. தள்ளுவண்டிக்காரர் உள்ளே குனிந்து ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

"நானா போட்டேன்?" என்றார் டாக்டரம்மா. "மாஸ்டர், நானா?"

மாஸ்டர் செல்போனில் ஃபேனைத் தட்டினார். வீட்டுக்குள் ஃபேன் சுழலும் சத்தம் ஜன்னல் வழியே வாசலுக்குக் கேட்டிருக்க வேண்டும். மனைவி திடுக்கிட்டுத் திரும்பி, மெதுவாகத் தலையை உயர்த்தி அழைப்பு மணியைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்களா?"

மாஸ்டர் பேசும் பொத்தானை அழுத்தினார். "ம்" என்றார்.

"வண்டியிலயா இருக்கீங்க?"

"நிக்குது. டாக்டரம்மா நிறுத்திட்டாங்க."

வாசற்படியில் மச்சினன் எழுந்து நின்று, தப்பு செய்தவன் போலக் கருவிப் பையைப் பின்னால் ஒளித்தான். அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தின் ஓரத்தில் பொறாமையும் போகாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இவன் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுவானே!

"மாப்ள" என்றார். "பின்பக்கமா உள்ள போ. டேப்பையெல்லாம் பிச்சுப் போடு. ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாட்டிடு. அப்படியே உங்க அக்கா ஃபோன்லயும் எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடு."

"நீங்க வந்தப்புறம் பண்ணிக்கலாமே மாமா."

"இப்பவே பண்ணு. வேக்காட்டுல உக்காந்திருக்கா."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையசைத்தார்.

"சரி மாமா. பாஸ்வேர்ட் சொல்லுங்க."

இதை மாஸ்டர் யோசிக்கவில்லை. டாக்டரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"மாமா? கேக்குதா? பாஸ்வேர்ட் என்ன?"

"நானே செஞ்சேன்."

"அது தெரியும் மாமா, நீங்கதான் செஞ்சீங்க. பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"அதான்டா பாஸ்வேர்ட்" என்றார் மாஸ்டர், குரல் உள்ளே போய்விட்டது. "நானே செஞ்சேன். சேத்து அடிக்கணும்."

சிரிக்கப்போகிறான் என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மச்சினன் சிரிக்கவில்லை. மனைவிதான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், வியர்வையையோ வேறு எதையோ.

"நல்லாத்தாங்க செஞ்சிருக்கீங்க" என்றார் அழைப்பு மணியைப் பார்த்து. "நீங்க பாத்து வாங்க."

செல்போன் அணைந்தது. மாஸ்டர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டாக்டரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், நான் காலை எடுக்கலாமா? இன்னும் பிரேக்லதான் வச்சிருக்கேன்."

மாஸ்டர் தன் காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். இரண்டு காலையும் இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டார்.

"எப்ப எடுக்கணும்னு உங்களுக்கே தெரியும் டாக்டர்" என்றார். "வண்டியை எடுங்க."