அடுப்பை எண்ணிய கதை

யுத்த காலத்தில் என் கணவர் பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். மேலே போகும் கடிதம், கீழே போகும் உத்தரவு எதுவானாலும் முதல் நகலை எழுதுவது அவர்தான். எழுதியதை நேராகத் தாசில்தாரிடம் நீட்டிவிட மாட்டார். காலையில் நான் காய் நறுக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். "உனக்குப் புரிஞ்சா கலெக்டருக்கும் புரிஞ்சுடும்" என்பார். அது புகழ்ச்சியா வேறு ஏதாவதா என்று நான் கேட்டதில்லை.

சாது மனிதர். தாசில்தாரின் நீலப் பென்சிலை நினைத்தாலே அவருக்கு வியர்க்கும். ஒரு வார்த்தையை அடித்துவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது.

கிராமங்களில் அரிசி கார்டு கொடுப்பதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. தலை எண்ணி அளக்கக் கையிருப்பு இல்லை. குடும்பத்துக்கு ஒரு கார்டு, கார்டுக்கு இவ்வளவு அரிசி, அவ்வளவுதான். ஆனால் குடும்பம் என்றால் எது? அண்ணன் தம்பி இரண்டு பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது ஒன்றா, இரண்டா? அதைத் தாலுகாவே யோசித்து எழுதட்டும் என்று கலெக்டர் ஆபீஸ் கையைக் கழுவிக்கொண்டது. தாசில்தார் அதைத் தூக்கி என் கணவர் தலையில் கட்டினார்.

மூன்று நாள் அந்த மனிதர் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. எழுதுவார், கிழிப்பார். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்னங்க யோசனை? அடுப்பை எண்ணச் சொல்லுங்க. தனி அடுப்பு இருந்தா தனிக் குடும்பம்" என்றேன். கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் சொன்னேன்.

நான் அரியலூர்ப் பக்கம் நிலபுலமுள்ள வீட்டில் பிறந்தவள். எங்கள் வீடுகளில் அண்ணன் தம்பி பிரிந்தால் பாத்திரம் பண்டம் பிரிப்பதற்கு முன்னால் புது அடுப்பு போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். அவர் பேனாவை எடுத்து ஒரே மூச்சில் எழுதி முடித்தார். தாசில்தார் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லையாம். கலெக்டரும் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். சர்க்கார் சட்டமே நான் போட்டதுதான் என்கிற மிதப்பில் ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊர் ஊராக மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் வீடு புகுந்து அடுப்பை எண்ணினார்கள். கார்டுகள் வந்தன.

எங்களுக்குத் தயிர் ஊற்றுகிறவள் சிறுவாச்சூர்ப் பக்கத்திலிருந்து வருவாள். புருஷன் பட்டாளத்துக்குப் போனவன், கடிதம்கூட ஒழுங்காக வருவதில்லை. இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு எருமை. கார்டு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பானையை இறக்கி வைத்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"எந்தப் பாவி எழுதுனானோம்மா இந்தச் சட்டத்த. அவன் வாயில மண்ணு வுழ" என்றாள்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

அவளும் அவள் ஓரகத்தியும் ஒரே வீட்டில் இருந்தாலும் சாப்பாடு தனித்தனி. ஆனால் அடுப்பு ஒன்றுதான். விறகு கிடைப்பது அத்தனை கஷ்டம். மூத்தவள் உலையை இறக்கியதும் அந்தத் தணலிலேயே இவள் தன் பானையை ஏற்றிக்கொள்வாள். அவள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம் என்றாள். அடுப்பு ஒன்று என்பதால் கார்டும் ஒன்று, அதுவும் புருஷனின் அண்ணன் பேரில். அரிசியை வாங்கி வருகிறவன் அவன். "எங்க மாமா பாத்து ஒரு படி போட்டா உண்டும்மா. இல்லன்னா இல்ல. கேட்டா, ஒம் புருஷன் வந்து கேக்கட்டுங்கிறாரு."

நான்தான் அந்தப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். "நீ தனியா ஒரு அடுப்பு போட்டுக்கயேன். மறுபடி எண்ண வரப்போ காமி" என்றேன். அவள் மண் குழைத்து அடுப்பு போட்டாள். கூரையில் தீப்பிடிக்கும் என்று சொல்லி அன்றே அதைப் புருஷனின் அண்ணன் காலால் எத்திவிட்டான். ஆனால் அடுப்பு போட்டால் கார்டு கிடைக்கும் என்கிற சேதி மட்டும் எப்படியோ பரவிவிட்டது. பாடாலூர் வரைக்கும் வசதியுள்ளவன் எல்லாம் மாட்டுக்கொட்டாயில், வைக்கோல்போர் ஓரத்தில் என்று அடுப்பு போட்டான். எண்ண வந்தவர்கள் கண்ணில் படும்படி உள்ளே சாம்பலையும் அள்ளிப் போட்டு வைத்தான். பசித்தவளுக்கு அடுப்பு நிற்கவில்லை. பசிக்காதவனுக்கு மூன்று நின்றது.

இதெல்லாம் தாசில்தார் காதுக்கு எட்டவே, அவர் விதியை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். என் கணவர் காகிதத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

"நான் சொன்ன லட்சணம் போதும். நாளைக்குத் தயிர்க்காரி வருவா, அவளையே கேளுங்க" என்றேன்.

மறுநாள் கேட்டார். சர்க்கார் குமாஸ்தா தன்னிடம் யோசனை கேட்கிறார் என்பதையே அவளால் முதலில் நம்ப முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எதயும் எண்ண வேணாங்க. எம்புள்ளைக்கு யாரு ஒல வைக்கிறதுன்னு தெருவுல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவங்களக் கேளுங்க."

அதையே எழுதினார். பிள்ளைகளுக்குத் தனியாக உலை வைக்கும் பெண், அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் சாட்சி சொன்னால், தன் பேரிலேயே தனிக் கார்டு பெறலாம். தாசில்தார் நீலப் பென்சிலை எடுத்துவிட்டாராம். "பொம்பளைங்க பேச்சை நம்பி சர்க்கார் நடத்தச் சொல்றீரா?" என்று கேட்டிருக்கிறார்.

என் கணவர் அவரிடம் பதில் பேசியவரே இல்லை. அன்றும் பேசவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொல்லிக் காட்டினார். "முன்னால் போட்ட விதியும் ஒரு பெண் சொன்னதுதான், அவள் என் மனைவி, அவளுக்கு விறகுக் கஷ்டம் தெரியாது, தெரிந்தவளைக் கேட்காமல் எழுதியது என் தவறு, அதற்கு எந்தத் தண்டனைக்கும் நான் கட்டுப்படுகிறேன்." இதுதான் அந்த நாலு வரி. வேலையே போனாலும் போயிருக்கும். அன்றைக்கு அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

தாசில்தார் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "உம்ம சம்சாரம்ங்கிறதை மட்டும் எடுத்துடும்" என்றாராம். மற்றது அப்படியே மேலே போயிற்று. உத்தரவாகத் திரும்பியும் வந்தது.

தயிர்க்காரிக்கு அவள் பேரிலேயே கார்டு வந்தது. எழுத்து தெரியாது என்றாலும் தன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விரலால் தொட்டு எனக்குக் காட்டினாள். "எந்தப் புண்ணியவான் மாத்துனாரோ, நல்லா இருக்கணும்" என்றாள். அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. அடுப்பை எண்ணச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நாலு மாசம்மா. எம்புள்ளைங்க அர வவுத்தோடதான் படுத்துச்சுங்க" என்றாள்.

பிறகு தயிரை அளந்து ஊற்றினாள். எப்போதும் கொசுறாக ஊற்றும் ஒரு கரண்டியை அன்றும் ஊற்றிவிட்டு, பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.